ஜீவன் ரக்ஷா பதக்: உயிரைக் காப்பாற்றியவருக்கு விருது கிடைக்க என்ன செய்ய வேண்டும்?

கிணற்றில் விழுந்த குழந்தையைக் குதித்துத் தூக்கியவர், எரியும் வீட்டுக்குள் புகுந்து ஒரு பாட்டியை இழுத்து வந்தவர், வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டவரைக் கரைசேர்த்தவர். இப்படிப்பட்டவர்களுக்கு மத்திய அரசு 1961 முதல் வழங்கும் விருதுதான் ஜீவன் ரக்ஷா பதக். நீரில் மூழ்குதல், தீ, மின்சாரம், நிலச்சரிவு, விலங்குத் தாக்குதல், சுரங்க விபத்து என எதிலிருந்தும் ஓர் உயிரைக் காத்தவர் இதற்குத் தகுதியானவர்.

விருது மூன்று நிலைகளில் இருக்கிறது. காப்பாற்றியவர் தன் உயிருக்கே மிகப் பெரிய ஆபத்து என்ற நிலையில் இறங்கியிருந்தால் சர்வோத்தம் ஜீவன் ரக்ஷா பதக்; பரிசுத் தொகை 2 லட்சம் ரூபாய். ஆபத்து அதற்கு அடுத்த அளவில் இருந்தால் உத்தம் ஜீவன் ரக்ஷா பதக், 1.5 லட்சம். பலத்த காயம் படக்கூடிய சூழலில் துணிந்தவருக்கு ஜீவன் ரக்ஷா பதக், 1 லட்சம். கூடவே பதக்கமும், உள்துறை அமைச்சர் கையெழுத்திட்ட சான்றிதழும் உண்டு. பதக்கத்தில் அபய முத்திரை காட்டும் கை பொறிக்கப்பட்டிருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நிலையைத் தீர்மானிப்பது காப்பாற்றியவர் எதிர்கொண்ட ஆபத்துதான். மனு எழுதுகிற பலரும் காப்பாற்றப்பட்டவரின் நிலையைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதுவார்கள். தண்ணீர் எவ்வளவு ஆழம், சுழல் இருந்ததா, இறங்கியவருக்கு நீச்சல் எவ்வளவு தெரியும், அவருக்கு என்ன காயம் என்பதெல்லாம் ஒரு வரியோடு நின்றுவிடும். மனுவில் முதலில் வர வேண்டியதே அவைதான்.

ஆண், பெண், தொழில் என எந்த வேறுபாடும் கிடையாது. ராணுவம், காவல்துறை, தீயணைப்புத் துறையினருக்கு மட்டும் ஒரு நிபந்தனை: பணியின் பகுதியாகச் செய்த மீட்பு கணக்கில் வராது. விடுப்பில் ஊருக்கு வந்த காவலர் ஏரியில் குதித்து ஒருவரைக் காப்பாற்றினால் அது கணக்கில் வரும். காப்பாற்றப் போய் உயிரிழந்தவருக்கும் விருது உண்டு. அந்தக் குடும்பங்களுக்குத்தான் இந்தச் செய்தி அவசியம் போய்ச் சேர வேண்டும் என்று நினைக்கிறேன். துக்க வீட்டில் யாருக்கும் மனு எழுதத் தோன்றாது, அக்கம்பக்கத்தினர்தான் முன்வர வேண்டும்.

சரி, எப்படிப் பரிந்துரைப்பது? மாநில அரசோ மத்திய அமைச்சகமோ உள்துறை அமைச்சகத்துக்குப் பரிந்துரை அனுப்ப வேண்டும். நம் ஊர்களில் அதற்கு வழி மாவட்ட ஆட்சியர் அலுவலகம். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். நாள், நேரம், இடம், நடந்தது என்ன என்று தெளிவாக எழுதுங்கள். காவல் நிலையப் பதிவின் நகல், மருத்துவமனைச் சீட்டு, காப்பாற்றப்பட்டவரும் நேரில் பார்த்தவர்களும் எழுதிக் கையெழுத்திட்ட வாக்குமூலம், செய்தித்தாள் நறுக்கு எது கிடைத்தாலும் இணையுங்கள்.

காலக்கெடு முக்கியம். சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டால் பரிந்துரை ஏற்கப்படாது. கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் விசாரணை முடிந்து கோப்பு சென்னைக்கும் அங்கிருந்து டெல்லிக்கும் போக வேண்டும் என்பதால், சாட்சிகளின் நினைவு மங்குவதற்குள் அந்த மாதமே மனு கொடுத்துவிடுவது நல்லது. குடியரசுத் தலைவர் ஒப்புதலுக்குப் பின், வழக்கமாகக் குடியரசு தினத்தை ஒட்டிப் பட்டியல் வெளியாகும். அப்புறம் விருதை அந்தந்த மாநில அரசு வழங்கும்.

தமிழ்நாடு அரசு வீரதீரச் செயலுக்காக வழங்கும் அண்ணா பதக்கம் வேறு. அதுவும் குடியரசு தினத்தில்தான் வழங்கப்படுகிறது, ஆனால் அதற்குத் தனியாகவே விண்ணப்பிக்க வேண்டும். எந்த விருதுக்கு மனு கொடுத்தாலும், நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு எங்கே நிற்கிறது என்று பின்னால் கேட்கப் போகும்போது அது கையில் இருக்க வேண்டும்.