ஒரு கோடுதான் வந்துச்சு, மிஸ்ஸி!

2021 அக்டோபர் கடைசி இது. இந்த வாரத்தில் மட்டும் ஒன்பதாவது முறையாக இதைக் கேட்டுவிட்டேன். முதலில், நான் மிஸ்ஸி (நர்ஸ்) இல்லை, சுகாதார இன்ஸ்பெக்டர். கோவிட்டுக்கு முன்னால் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் எனக்குக் ‘கொசு அக்கா’ என்று பெயர். தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்க்கச் சொல்லித் திட்டுகிறவள். இப்போது மிஸ்ஸி ஆகிவிட்டேன், இருக்கட்டும். கோவிட் சோதனைக் கிட்டில் ஒரு கோடுதான் வந்தது, அதாவது நெகட்டிவ் என்றால் எனக்கும் சந்தோஷம்தான். அதற்காக ஏன் கருமக்கிரியைக்குப் போனீர்கள்?

நடந்ததைச் சொல்கிறேன். ஆள் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். தெரிந்தாலும் வாட்ஸ்ஆப்பில் போட்டு அவர்களை நோகடிக்காதீர்கள்.

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்தின் பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு தோட்டம். பத்தாங் பெர்ஜுந்தை என்று பழைய பெயரைச் சொன்னால்தான் பெரியவர்களுக்குப் பிடிபடும். அக்டோபர் 10, ஞாயிறு மத்தியானம், ஒரு துக்க வீட்டில் சாப்பாடு. தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மருமகனும் தோட்டத்தில் செம்பனைக் குலை லோரி ஓட்டும் மாமாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். செவ்வாய்க்கிழமை மருமகனுக்குக் காய்ச்சல், புதன்கிழமை பாசிட்டிவ். உடனே மாமாவுக்குப் போன் போட்டு வீட்டோடு இருக்கச் சொன்னோம். சரி சரி என்றார். அன்றைக்கே பார்மசிக்குப் போய் ஒரு கிட் வாங்கினார். ஒரு கிட் 19 வெள்ளி (ரிங்கிட்) 90 காசுக்கு மேல் விற்கக்கூடாது என்று செப்டம்பர் 5-ஆம் தேதி அரசாங்கம் உச்சவிலை வைத்தபோது கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. இப்படியும் ஒரு பயன் இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

ஒரு கோடு வந்தது. மாமா அதைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டார். வரிசையாகக் கும்பிடு பொம்மைகள் விழுந்தன.

சனிக்கிழமை, இறந்தவருக்கு 16-ஆம் நாள் காரியம். மாநில எல்லை 11-ஆம் தேதிதான் திறந்திருந்தது. ஜொகூர், பினாங்கிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். பந்தியில் குனிந்து குனிந்து சோறு போட்டவர் நம் மாமாதான். திங்கட்கிழமை, சிலாங்கூர் கட்டுப்பாட்டுத் தளர்வின் நான்காம் கட்டத்துக்கு மாறிய அதே 18-ஆம் தேதி காலை, அவருக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. இன்னொரு கிட். இந்த முறை இரண்டு கோடு.

நேற்று இரவு வரை அந்தப் பந்தியிலிருந்து 19 பேர், மூன்று மாநிலங்களில். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகும் ஒரு பாட்டி இப்போது ஆக்சிஜனில் இருக்கிறார். எங்கள் கணக்கில் அது நான்காம் வகை. ஐந்தாம் வகைக்குத்தான் வெண்டிலேட்டர். மாமா என்னிடம் போனில் அழுதார். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்தத் திட்டை இங்கே எழுதிவிடுகிறேன், மற்றவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தக் கிட் உங்கள் உடம்பில் கிருமி நுழைந்ததா இல்லையா என்று சொல்வதில்லை. குச்சியை மூக்கில் விட்ட அந்த நிமிடத்தில், அந்த இடத்தில், அது கண்டுபிடிக்கிற அளவுக்குக் கிருமி பெருகியிருக்கிறதா என்பதை மட்டும்தான் சொல்கிறது. உள்ளே போன கிருமி பெருக நாள் பிடிக்கும். பெரும்பாலானவர்களுக்கு நாலைந்து நாளில் தெரியும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும், பதினான்கு நாள் வரைக்கும்கூடப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை வாங்கியதைப் புதன்கிழமை தேடினால் என்ன கிடைக்கும்? ஆய்வகத்தில் செய்யும் பிசிஆர் சோதனை கொஞ்சம் முந்திப் பிடிக்கும். அதுவும் முதல் நாளில் வாயைத் திறக்காது.

பால்மரம் (ரப்பர்) வெட்டியவர்கள் இன்னும் நம் ஊரில் இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள். விடிகாலையில் வெட்டுப் போட்டுவிட்டு அடுத்த நிமிடமே பால் வடியும் மங்குக் கிண்ணத்தை எட்டிப் பார்த்து, ‘இந்த மரத்தில் பால் இல்லை’ என்று யாராவது சொல்வார்களா? வெயில் ஏறிய பிறகு வாளியோடு வந்து பார்த்தால்தான் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியும். மூன்றாம் நாள் கிட் என்பது வெட்டுப் போட்ட உடனே பார்த்த மங்கு.

இதில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. காய்ச்சல் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஒருவர் மற்றவர்களுக்கு ஒட்டவைக்க முடியும். மாமாவுக்குத் திங்கட்கிழமை காய்ச்சல். சனிக்கிழமை கல்லுக் குண்டு மாதிரி இருந்தார், தும்மல்கூட இல்லை. ‘எனக்கு ஒண்ணுமே இல்லையே’ என்று அவர் சொன்னது பொய் இல்லை. அதனால்தான் நாங்கள் உடம்பைக் கேட்காமல் நாள்காட்டியைப் பார்க்கிறோம்.

இது தோட்டத்து ஆட்களுக்கு மட்டும் உள்ள அறியாமை என்று தாமான் குடியிருப்பில் இருப்பவர்கள் நினைக்க வேண்டாம். 2020 ஜூலையில் கெடா மாநிலத்தில் ‘சிவகங்கா’ தொற்றுத் திரள் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? இந்தியாவிலிருந்து வந்த ஒருவருக்கு நாட்டுக்குள் நுழைந்தபோது எடுத்த முதல் சோதனையில் நெகட்டிவ்தான் வந்தது. வீட்டில் இருக்கச் சொன்ன நாட்களில் வெளியே போய்விட்டார். அந்தத் திரளில் மொத்தம் 45 பேர். அவருக்கு ஐந்து மாதச் சிறையும் 12,000 வெள்ளி அபராதமும் விழுந்தன. அந்தத் தண்டனையைப் பற்றித்தான் எல்லாரும் மாதக்கணக்கில் பேசினோம். முதல் சோதனை நெகட்டிவ் என்ற பகுதி யார் காதிலும் ஏறவில்லை.

எனக்கு வருத்தமாக இருப்பது, நாள் எண்ணுவது நமக்குப் புதிது இல்லை என்பதுதான். வீட்டில் ஒருவருக்கு அம்மை போட்டால் என்ன செய்வோம்? வாசலில் வேப்பிலை செருகுவோம். அந்த வீட்டுக்காரர்கள் கல்யாணம் கருமாதிக்குப் போகமாட்டார்கள், வெளியாட்கள் படியேற மாட்டார்கள். மூன்று தண்ணி ஊற்றி முடிகிற வரைக்கும் வீட்டைவிட்டு நகர மாட்டார்கள். ‘எனக்கு இன்னும் கொப்புளம் வரலை, நான் போறேன்’ என்று எந்தப் பிள்ளையாவது கிளம்பினால் பாட்டி விட்டிருப்பாளா? அந்தப் பாட்டிகள் எந்தக் கிட்டும் இல்லாமல் கட்டுப்படுத்திய ஒழுங்கை, 19 வெள்ளி 90 காசு கொடுத்து உடைத்துக்கொண்டிருக்கிறோம். வேப்பிலையை வாசலில் கட்டுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். கட்டிவிட்டு உள்ளே இருங்கள்.

‘ரெண்டு ஊசியும் போட்டாச்சு’ என்பவர்களுக்கு: நல்லது செய்தீர்கள். அது உங்களைப் பெரும்பாலும் ஐசியு வரை போகவிடாமல் காக்கும். பந்தியில் உங்கள் எதிரே உட்காரும் டயாலிசிஸ் பாட்டிக்கு உங்கள் ஊசி அவ்வளவு காவல் இல்லை.

இனி தளர்வைப் பற்றி. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதிலிருந்து எத்தனை பெயர் பார்த்துவிட்டோம்! மலாய்ச் சுருக்கத்தில் பிகேபி, பிகேபிபி, பிகேபிபி-யிலேயே இன்னொன்று, அப்புறம் கட்டம் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எனக்கே சில நாள் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று சந்தேகம் வரும். ஆனால் ‘நான்காம் கட்டம்’ என்றால் நோய்க்கு விடுமுறை என்று அர்த்தம் இல்லை. மாநிலத்தின் ஆஸ்பத்திரிக் கட்டில், ஐசியு, ஊசி போட்டவர்களின் விழுக்காடு இவற்றைப் பார்த்துத்தான் கட்டம் மாற்றினார்கள். உங்கள் ஐந்தாம் லயத்தில் (வீட்டு வரிசையில்) இன்று யாருக்கு இருமல் என்று புத்ராஜெயா அரசாங்க அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. அது தெரிய வேண்டியது எனக்கு. எனக்குச் சொல்ல வேண்டியது நீங்கள்.

எண்ணிக்கையும் அப்படித்தான். 2021 ஆகஸ்ட் 26-ஆம் தேதி நாடு முழுக்க ஒரே நாளில் 24,599 பேர். அக்டோபர் கடைசியில் ஐயாயிரம், ஆறாயிரம் என்று இறங்கியிருக்கிறது. மூச்சு விடுகிறோம், நிஜம். ஆனால் இன்று டிவியில் சொல்கிற எண் இன்றைக்கு ஒட்டியது இல்லை. ஒட்டி, காய்ச்சல் வந்து, ‘மழையில் நனைஞ்சேன்’ என்று இரண்டு நாள் பானடோல் போட்டு, பிறகு சோதனைக்குப் போய், முடிவு வந்து, பதிவாகி அறிவிக்கிற வரை பத்து நாள் ஓடிவிடும். 11-ஆம் தேதி எல்லை திறந்ததன் பலன் இப்போதுதான் என் மேசைக்கு வர ஆரம்பித்திருக்கிறது. இறங்கும் எண்ணைப் பார்த்துவிட்டு மாஸ்க்கைக் கழற்றுவது, நேற்றுப் போன லோரியின் சத்தத்தைக் கேட்டு இன்று ரோட்டைக் கடப்பது போல.

தொற்று எங்கே பரவுகிறது என்று எங்கள் கையில் இருக்கும் பட்டியல்களைப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். செம்பனைக் காட்டுக்குள் வெட்டுகிறவனுக்கும் குலை பொறுக்குகிறவனுக்கும் ஒட்டுவது குறைவு. திறந்த வெளி, ஆளுக்கு ஆள் தூரம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நெருக்கி நிற்கும்போதும், கண்ணாடியை ஏற்றிவிட்டு வேனில் போகும்போதும், பத்து மணிக்கு வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போதும்தான் ஒட்டுகிறது. இன்னும் சிலர் ரோட்டுக்கு மருந்தடிக்கச் சொல்லி எனக்குப் போன் செய்கிறார்கள். ரோட்டுக்குக் கோவிட் வராது, அண்ணே. வேன் கண்ணாடியை இறக்குங்கள்.

என் வேலையின் பெரும்பாதி கிருமியைத் தேடுவது இல்லை, மணியைத் தேடுவது. ‘கூட யார் இருந்தது?’ என்றால் ‘மணி இருந்தான்’ என்பார்கள். ஒரே தோட்டத்தில் குட்டை மணி, லோரி மணி, கிராணி (கணக்கர்) வீட்டு மணி என்று மூன்று பேர். அடையாள அட்டையில் ஒருவன் பெயர் சுப்பிரமணியம், இன்னொருவன் பெயரில் மணியே இல்லை. சுவரில் லயங்களைக் கையால் வரைந்து வைத்திருக்கிறேன், பென்சிலில் பட்டப்பெயரோடு. அரசாங்கத்தின் மைசெஜாத்ரா செயலியில் இல்லாத தகவல் அது.

பெயரை மறைப்பவர்களும் உண்டு. ஏன் என்று எனக்குத் தெரியும். நாள் கூலிக்காரனை வீட்டில் உட்காரச் சொன்னால் அரிசி எங்கிருந்து வரும்? ஜூன் கடைசியில் உதவி கேட்டு வீடுகளில் வெள்ளைக்கொடி பறந்ததை நானும் பார்த்தேன். அதனால் கேட்கிறேன், மறைக்காதீர்கள், பசி இருந்தால் பசியையும் சேர்த்துச் சொல்லுங்கள். அரிசி, பால்மாவு கொடுக்கிறவர்களின் நம்பர் என்னிடம் இருக்கிறது. தோட்ட நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை: தனிமைப்படுத்தப்பட்டவனுக்கு ‘வேலைக்கு வரலேன்னா பேரை வெட்டிருவேன்’ என்று சொல்கிற மண்டோர் (மேற்பார்வையாளர்) ஒருவர் இருந்தால் போதும், என் பட்டியல் முழுக்கப் பொய்யாகிவிடும். வங்காளதேசத்து, இந்தோனேசியத் தொழிலாளர்கள் தங்கும் கொங்சியில் ஒரு அறைக்கு எத்தனை பேர் என்று நாங்கள் வந்து எண்ணுவதற்குள் நீங்களே ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

2021 நவம்பர் 4 தீபாவளி. போன தீபாவளிக்கு வர முடியாத பிள்ளைகள் இந்த முறை வருவார்கள். வரட்டும், நானும் என் அம்மாவைப் பார்க்கப் போகிறேன். ஆனால் உங்களை நெருங்கிய தொடர்பு என்று சொல்லியிருந்தால், இந்த 2021-இன் விதிப்படி ஊசி கணக்கைப் பொறுத்து உங்களுக்குக் கொடுத்த நாள் எத்தனையோ அத்தனை நாளும் உள்ளே. நடுவில் ஒரு கோடு வந்தாலும் உள்ளேதான். கிட்டைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், இடையில் காய்ச்சலோ இருமலோ வந்தால் அன்றைக்கே போடுங்கள். வீட்டில் வயசானவர் இருந்தால் தனி அறை, இல்லையென்றால் ஜன்னலோரம். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளக்கும் கருவி 95-க்குக் கீழே காட்டினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூச்சு வாங்காமலே ஆக்சிஜன் இறங்கும், அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன். முறுக்கு வேண்டும் என்றால் கேட்டில் மாட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

தயவுசெய்து போனை எடுங்கள். மக்காவ் ஸ்கேம் என்கிற போன் மோசடியோ என்று பயந்து தெரியாத நம்பரை யாரும் எடுப்பதில்லை. மாமாவின் பந்தியில் இருந்தவர்களில் ஆறு பேரை இரண்டு நாள் கழித்துத்தான் பிடித்தோம், அதற்குள் அதில் ஒருவர் வேனில் வேலைக்குப் போய்வந்திருந்தார். 03-இல் தொடங்கும் நம்பராக இருக்கும். உங்கள் பேங்க் கணக்கைக் கேட்கமாட்டேன். சனிக்கிழமை யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்பேன். மணி என்று சொன்னால் எந்த மணி என்று கேட்பேன்.