மாஸ்க்கைக் கழற்றாதே என்றால் மட்டும் போதுமா?

பெயின்ட் நிரப்பிய உருண்டைகளைத் துப்பாக்கியால் ஒருவர்மேல் ஒருவர் சுட்டு ஆடும் பெயின்ட்பாலுக்கு முதல் முறை வந்த பெண் அவர். பீப்பாய்க்குப் பின்னால் குந்தியிருந்தவருக்கு மூச்சிரைத்து, கண்ணையும் முகத்தையும் மூடும் கண்ணாடி வைத்த மாஸ்க்குக்குள் ஆவி படிந்து எல்லாம் வெள்ளையாகிவிட்டது. தாடைக்கு அடியில் விரலை விட்டுத் தூக்கப்போனார். ஓடிப்போய் என் உள்ளங்கையை அவருடைய மாஸ்க் மேல் வைத்து அழுத்திக்கொண்டு விசிலை ஊதினேன். வெளியே அழைத்து வந்ததும், "கழற்றக் கூடாதுன்னு சொன்னீங்க சார், ஞாபகம் இருக்கு. ஆனா கண்ணே தெரியலையே, வேற என்னதான் செய்யறது?" என்று கேட்டார்.

அன்று காலை விதிகளைச் சொன்னது நான்தான். கழற்றாதீர்கள் என்று பலமுறை சொன்னேன். ஆவி படிந்தால் என்ன செய்வது என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

பெயின்ட்பால் மைதானத்தில் நடுவராக நிற்பவன் என்பதால் சொல்கிறேன், அந்த விதியில் தளர்வுக்கே இடமில்லை. வழக்கமான பெயின்ட் உருண்டை 0.68 அங்குலம். திறந்தவெளி மைதானங்களில் அதன் வேக வரம்பு பொதுவாக நொடிக்கு 280 முதல் 300 அடி. தோலில் பட்டால் சிவந்து கன்றிப்போகும், சில நாளில் ஆறிவிடும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அதனால்தான், பதறிப்போன ஒருவர் சட்டென்று செய்யக்கூடிய ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் அவரை உள்ளே அனுப்ப வேண்டும்.

இப்போது நான் சொல்லிக்கொடுப்பது இதுதான்: மண்டியிடுங்கள், ஒரு கையால் மாஸ்க்கை முகத்தோடு சேர்த்து அழுத்துங்கள், மறு கையைத் தூக்கி "நடுவர்!" என்று கத்துங்கள். ஆட்டத்தை நிறுத்தி, கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போவேன். துடைத்துக்கொண்டு திரும்பி வரலாம், இது அவுட் இல்லை. கடைசியில் சொன்னதுதான் முக்கியம். உதவி கேட்டால் ஆட்டம் போய்விடும் என்று நினைப்பவர் கேட்கமாட்டார், திருட்டுத்தனமாக மாஸ்க்கைத் தூக்குவார். சொல்வதோடு விடாமல், எல்லோரையும் ஒரு முறை செய்துகாட்டவும் வைக்கிறேன்.

அடுத்த குழப்பம், பட்டதா படவில்லையா என்பது. உருண்டை மேலே பட்டு உடைந்து பெயின்ட் படிந்தால்தான் அவுட், உடையாமல் தெறித்துப் போனால் அவுட் கிடையாது. புதியவருக்கு இது தெரியாது, வலித்ததும் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்துவிடுவார். இன்னொருவருக்கு முதுகில் பெயின்ட் வழிந்துகொண்டிருக்கும், தெரியாமலே ஆடுவார். உடனே எதிர் அணியிலிருந்து "ஏமாத்துறான்!" என்று சத்தம் வரும். அந்த ஒரு சொல்லோடு அடுத்த முறை வராமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் "பெயின்ட் செக்" என்று நடுவரைக் கூப்பிடச் சொல்லுங்கள், முடிவு நடுவருடையது. ஒருவரையொருவர் குற்றம் சொல்லக் கூடாது என்பதையும் விதியாகவே வைத்துவிட்டேன்.

சரி, சரணடையச் சொல்லும் விதி? மிக அருகில் வந்தவர் சுடாமல் "சரண்டர்" என்று சொல்ல வேண்டும் என்பது பல மைதானங்களில் உண்டு. நல்ல எண்ணத்தில் வந்த விதிதான். ஆனால் பின்னாலிருந்து திடீரென்று குரல் கேட்டால் புதியவர் என்ன செய்வார்? திடுக்கிட்டுத் திரும்பி விசையை அழுத்துவார். மறுக்கலாமா, ஏற்க வேண்டுமா என்று யோசிக்கவெல்லாம் அந்த நேரத்தில் முடியாது. அதனால் புதியவர்கள் இருக்கும் ஆட்டத்தில் 20 அடிக்குள் யாரும் சுடக் கூடாது, "சரண்டர்" என்று முதலில் சொன்னவருக்கே வெற்றி, அவ்வளவுதான். கையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுபவர்மேல் குண்டு பட்டால், கேள்வி சுட்டவரிடம்தான்.

அவுட் ஆனவர் ஆட்டம் முடியும்வரை ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. வந்ததே ஆடத்தான், முதல் நிமிடத்தில் அவுட் ஆகிவிட்டு அடுத்த கால் மணி நேரம் வேடிக்கை பார்த்தால் என்ன கற்றுக்கொள்வார்? தன் அணியின் கொடிக்கம்பத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரலாம் என்று மாற்றிப் பாருங்கள், பயம் பாதி குறைந்துவிடும். பதுங்கியே இருப்பவரையும் விரட்ட வேண்டாம். 1981 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் ஹென்னிக்கரில் 12 பேர் ஆடிய முதல் பெயின்ட்பால் ஆட்டத்தில் வென்றவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

மற்றவை சின்ன மாற்றங்கள். பழகியவர்களுக்குத் தனி ஆட்டம், அல்லது இரு அணியிலும் சமமாகப் பிரித்துப் போடுவது. சிறுவர்களுக்கு வலி குறைந்த 0.50 அங்குல உருண்டை. முடிந்தால் ஆவி எளிதில் படியாத இரட்டைக் கண்ணாடி மாஸ்க்.

சில வாரங்களுக்கு முன் ஒரு பையன் ஆட்டத்தின் நடுவே மண்டியிட்டு, மாஸ்க்கை அழுத்திக்கொண்டு கையைத் தூக்கினான். நான் மறுகோடியில் இருந்தேன், அவன் குரல் எனக்குக் கேட்கவில்லை. அவனைக் குறிபார்த்துக்கொண்டிருந்த எதிர் அணிக்காரர்தான் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு "நடுவர்!" என்று எனக்குக் கேட்கும்படி கத்தினார். கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தேன். முன்பு பதுங்கியிருந்த அதே மறைவிடத்துக்குத் திரும்பிப்போய் உட்கார்ந்துகொண்டான்.