டோக்கன்: நாணயமா, சீட்டா, வில்லையா?

டோக்கன் என்றால் என்னவென்று தமிழ்நாட்டில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பொங்கல் பரிசுக்கு நாளும் நேரமும் குறித்து ரேஷன் கடைக்காரர் வீடு தேடி வந்து தருவது டோக்கன், கிளினிக்கில் எண் போட்டு நீட்டும் பிளாஸ்டிக் வட்டமும் டோக்கன். அந்தத் தாளைக் கடித்துத் தின்ன முடியாது, ஆனால் காட்டினால் கரும்பு கிடைக்கும். இவ்வளவு தெளிவாக இருந்த சொல், பிட்காயின் மாதிரியான கிரிப்டோ பக்கம் போனதும் நம் செய்திகளில் 'நாணயம்' ஆகிவிடுகிறது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

சொல்லின் வேர் பழைய ஆங்கிலம். அங்கே அதற்கு அடையாளம், சான்று என்று பொருள். கற்பிப்பதைக் குறிக்கும் 'டீச்' என்ற சொல்லும் இதே வேரில் வந்ததுதான், ஏனென்றால் இரண்டுக்கும் அடியில் இருப்பது 'காட்டுதல்'. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது கடைக்காரர்களே தங்கள் பெயரைப் பொறித்துச் செம்பிலும் பித்தளையிலும் வட்டங்கள் அடித்துக் கொடுத்தார்கள், அவற்றுக்கும் டோக்கன் என்றுதான் பெயர். அரசு 1672இல் தானே செம்புக் காசு அடித்து அந்தப் பழக்கத்தை நிறுத்தியது. கடைக்காரர் ஊரை விட்டு ஓடிவிட்டால் அவர் கொடுத்த வட்டம் வெறும் உலோகம். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

சரி, பிளாக்செயினில் டோக்கன் எப்படி இருக்கிறது? எதீரியத்தையே எடுத்துக்கொள்வோம், 2015 ஜூலை 30 அன்று ஓடத் தொடங்கியது. அது உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே கணக்கைத் தனித்தனியாக எழுதி வைத்திருக்கும் ஒரு ஏற்பாடு. 12 நொடிக்கு ஒரு பக்கம் சேரும். ஒவ்வொரு பக்கத்திலும் முந்தைய பக்கத்தின் கைரேகை மாதிரி ஓர் எண் இருக்கும், பழைய பக்கத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் அதற்குப் பின்னால் வந்த எல்லாப் பக்கங்களின் கைரேகையும் ஒத்துப்போகாமல் காட்டிக்கொடுத்துவிடும். பக்கம் எழுதும் உரிமை எதீரியத்தின் சொந்தக் காசான ஈதரில் 32ஆவது பிணையாகக் கட்டியவர்களுக்குத்தான், அதுவும் குலுக்கல் முறையில். ஒரே இடத்துக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு பக்கங்களை எழுதினால் பிணையில் வெட்டு விழும். 2022 செப்டம்பர் வரைக்கும் பிட்காயின் போலவே கணினிகளை முட்டி மோதவிட்டு யார் முந்துகிறாரோ அவரே எழுதட்டும் என்று இருந்தது, மின்சாரம் கொள்ளை கொள்ளையாகப் போனது.

இந்த ஏட்டுக்கே உரிய காசு ஈதர். டோக்கன் அது இல்லை. ஏட்டின் மேல் யார் வேண்டுமானாலும் ஒரு சிறிய நிரலை (புரோகிராமை) ஏற்றி வைக்கலாம், அந்த நிரலுக்குள் ஓர் அட்டவணை: இந்த முகவரிக்கு (கணக்கு எண் மாதிரி) இத்தனை, அந்த முகவரிக்கு அத்தனை. நான் நாளைக்கே 'மாங்காய்' என்று ஒரு டோக்கன் உருவாக்கி என் பெயரில் பத்து லட்சம் எழுதிக்கொள்ளலாம், யாரும் தடுக்க மாட்டார்கள், யாரும் வாங்கவும் மாட்டார்கள். நான் உங்களுக்கு 5 மாங்காய் அனுப்பினால் எந்தப் பொருளும் எங்கேயும் நகர்வதில்லை. அட்டவணையில் என் வரியில் 5 குறைகிறது, உங்கள் வரியில் 5 கூடுகிறது, அவ்வளவுதான். உங்கள் போனில் இருக்கும் 'வாலட்'டுக்குள்ளும் டோக்கன் கிடையாது, அந்த வரியை மாற்றும் உரிமைக்கான சாவி மட்டுமே இருக்கிறது. பணப்பை என்று சொல்வதைவிடச் சாவிக்கொத்து என்றால் பாதிப் பேர் ஏமாறாமல் தப்பியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

ஆளாளுக்கு ஒரு விதமாக நிரல் எழுதினால் பரிமாற்றத் தளங்கள் என்ன செய்யும்? அதற்காக 2015 நவம்பரில் ஃபாபியன் ஃபோகல்ஸ்டெல்லர் என்ற நிரலாளர் ஒரு பொது வடிவத்தை முன்வைத்தார். மொத்தம் எவ்வளவு, யாரிடம் எவ்வளவு, அனுப்பு, என் சார்பில் வேறொருவர் அனுப்ப அனுமதி கொடு என்பது போலச் சில கட்டளைகள் கட்டாயம் இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அதுதான் ஈஆர்சி-20. அந்த 20இல் தத்துவம் ஒன்றும் இல்லை, நிரலாளர்கள் கூடிப் பேசும் கிட்ஹப் தளத்தில் அந்த விவாதத்துக்கு விழுந்த வரிசை எண்.

காசு வேறு, டோக்கன் வேறு என்பது ஏதோ பண்டிதச் சண்டை இல்லை. என் நண்பர் ஒருவர் டாலருக்கு நிகராக வைக்கப்படும் யூஎஸ்டிடி டோக்கனைக் கொஞ்சம் வைத்துக்கொண்டு, "இருக்குன்னு காட்டுது, அனுப்ப மட்டும் விடமாட்டேங்குது" என்று இரண்டு நாள் புலம்பினார். ஏட்டில் வரியை மாற்றுவதற்கான கட்டணத்தை ஈதரில்தான் கட்ட வேண்டும், அவரிடம் ஈதர் சுத்தமாக இல்லை. அப்புறம் பெயர் விஷயம். டோக்கனின் பெயருக்கு எந்தக் காவலும் கிடையாது, யூஎஸ்டிடி என்ற அதே பெயரில் இன்னொருவர் போலி உருவாக்கலாம், அந்த நிரலின் முகவரி மட்டுமே அசலைக் காட்டிக்கொடுக்கும். அசலே ஆனாலும், ஒரு டாலர் தருகிறேன் என்று சொன்ன நிறுவனம் தந்தால்தான் அது டாலர். இங்கிலாந்துக் கடைக்காரரின் பித்தளை வட்டம் இப்போது நினைவுக்கு வர வேண்டும்.

இனி தமிழுக்கு வருவோம். 'நாணயம்' எனக்கு உடன்பாடில்லை. தமிழில் அதற்குக் காசு என்றும் பொருள், நேர்மை என்றும் பொருள், இரண்டுமே எல்லா டோக்கனுக்கும் பொருந்தாது. இந்தியச் சட்டமும் இதை நாணயமாக ஏற்கவில்லை. 2022இல் 30 சதவீத வரி போட்டபோது மெய்நிகர் எண்மச் சொத்து என்றே வகைப்படுத்தினார்கள், சென்னை உயர் நீதிமன்றமும் 2025 அக்டோபரில் இது சொத்துதான் என்றது. 'மறை நாணயம்' இன்னும் மோசம். கிரிப்டோ என்பதற்குக் கிரேக்கத்தில் மறைவு என்று பொருள் இருக்கலாம், ஆனால் பிட்காயின், எதீரியம் ஏடுகளில் மறைவாக ஒன்றுமே இல்லை, யார் யாருக்கு எத்தனை அனுப்பினார் என்பதை யாரும் திறந்து பார்க்கலாம், முகவரிக்குப் பின்னால் இருக்கும் ஆளின் பெயர்தான் தெரியாது. மறையியல் (கிரிப்டோகிராஃபி) அங்கே பயன்படுவது கையெழுத்துக்கும் கைரேகைக்கும்.

பிளாக்செயினுக்குக் கட்டச்சங்கிலி என்று சொல்லுக்குச் சொல் மாற்றியவர்கள் உண்டு, எனக்குப் பிடித்தது 'தொடரேடு'. பேரேடு, குறிப்பேடு என்று கணக்குப்பதிவியலில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறது, இது அதில் இயல்பாகப் போய் உட்கார்கிறது. தமிழ்நாடு அரசு தன் பிளாக்செயினுக்கு வைத்த பெயர் நம்பிக்கை இணையம். யாரையும் நம்பத் தேவையில்லை என்பதையே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் தொழில்நுட்பத்துக்கு நம்பிக்கை என்று பெயர் வைத்ததில் சின்னக் குறும்பு இருக்கிறது.

டோக்கனுக்கு 'சீட்டு' என்று எழுதலாம்தான், ஆனால் அந்தச் சொல்லின் மேல் ஏலச்சீட்டும் சீட்டாட்டமும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. கிரிப்டோவுக்குப் பொருத்தம்தானே என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. என் தேர்வு 'வில்லை'. தட்டையான வட்டத்துக்கு நம்மிடம் உள்ள பழைய சொல். அலுவலகச் சேவகர் அணிந்த பித்தளை அடையாளத்துக்கும் வில்லை என்றே பெயர், வில்லைச் சேவகன் என்று ஆளையே அதை வைத்துக் குறித்தார்கள். உலோக வட்டம், அடையாளம், ஒன்றைப் போலவே இன்னொன்று: டோக்கனின் மூன்று குணமும் அதில் இருக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் வில்லை என்பது லென்ஸ் ஆயிற்றே என்றால், ஆமாம், அதனால் முதல் தடவை எழுதும்போது 'அடையாள வில்லை' என்று எழுதிவிடுவது நல்லது.

ஒன்றுக்கு ஒன்று மாற்ற முடியாத என்எஃப்டியை 'ஈடிலா வில்லை' என்று எழுதாதீர்கள், விளம்பரம் போல ஆகிவிடும். இன்னொன்று அதற்கு ஈடாகாது என்பதுதான் பொருள், 'ஈடாகா வில்லை' போதும். செயற்கை நுண்ணறிவு மாதிரிகளில் சொல்லப்படும் டோக்கனுக்கு இந்த வில்லை உதவாது, அது எழுத்தைத் துண்டு போட்டு எண்ணும் கணக்கு, அங்கே 'சொல்துண்டு' என்று வைத்துக்கொள்ளலாம்.