துணைக்கருவி: மொழியோடு வரும் ‘யூற்றிலிற்றி’க்குத் தமிழில் ஒரு பெயர்

உயர்தர வகுப்பு மாணவர்க்கெனப் பைதன் மொழி பற்றிய சிறு கைநூல் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு தொடரில் வந்து பேனா நின்றுவிட்டது. செய்நிரலாக்க மொழி ஒன்றைக் கணினியில் நிறுவும்போது, மொழியோடு கூடவே சில சிறு செய்நிரல்களும் வந்து அமர்ந்துகொள்கின்றன. அவற்றுக்குப் படமும் இல்லை, பொத்தானும் இல்லை. கறுப்புத் திரையில் பெயரைத் தட்டி அழைத்தால் வந்து ஒரு வேலையைச் செய்துவிட்டுப் போய்விடும். ஆங்கிலத்தில் ‘கொமாண்ட் லைன் யூற்றிலிற்றி’ எனப்படும் இவற்றை நான் முதலில் ‘கட்டளைவரிப் பயன்பாடுகள்’ என்று எழுதியிருந்தேன். பிரதியை வாசித்த மாணவி ஒருத்தி, “சேர், இது போனில இருக்கிற அப் மாதிரியோ?” என்று கேட்டாள். அவள் கேட்டதில் பிழையில்லை. பிழை என் சொல்லில் இருந்தது.

இலங்கைப் பாடநூல் வழக்கில் ‘பயன்பாடு’ என்பது யூற்றிலிற்றியைக் குறிக்கும். சொல்லாவணம் எழுதவும் கணக்கு வைக்கவும் உதவும் பெரிய மென்பொருள்களைப் ‘பிரயோக மென்பொருள்’ என்றும், வட்டைத் துப்புரவாக்குதல், கோப்புகளைச் சுருக்குதல் போன்ற பராமரிப்பு வேலைகளைச் செய்வனவற்றைப் ‘பயன்பாட்டு மென்பொருள்’ என்றும் இங்கே பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறோம். தமிழ்நாட்டிலோ பிரயோகம் என்ற வடசொல்லைத் தவிர்க்கும் நோக்கில் அதே ‘பயன்பாடு’ மற்றதன் இடத்துக்குப் போய்விட்டது. அங்கே பயன்பாடு என்றால் அப்தான். இரு கரைகளும் தத்தம் நூல்களை மட்டும் வாசித்த காலத்தில் இதனால் எவருக்கும் இடையூறு இருக்கவில்லை. இப்போது யாழ்ப்பாணத்து மாணவன் காலையில் இலங்கைப் பாடநூலையும் மாலையில் சென்னையில் பதிவான காணொளியையும் பார்க்கிறான். ஒரே சொல் இரண்டு பொருளோடு ஒரே நாளில் அவனிடம் வந்து சேர்கிறது.

யூற்றிலிற்றி என்ற சொல்லே பல ஊர் சுற்றி வந்தது. இலத்தீனில் ‘பயன்படுத்து’ என்று பொருள்படும் ‘ஊற்றி’ என்ற வினையிலிருந்து, பயனுடையது என்னும் ‘ஊற்றிலிஸ்’ பிறந்தது. அதிலிருந்து பிறந்த ‘ஊற்றிலிற்றாஸ்’ என்ற பெயர்ச்சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே அது பண்புப் பெயர். பயனுடைமை என்பதே அதன் முதற் பொருள். ஆங்கிலேய மெய்யியலாளர் ஜெரமி பெந்தாம் (1748–1832) போன்றோர் அதனை அறத்தின் அளவுகோலாக்கினர். பொருளியலாளர் அதனை நுகர்வோன் பெறும் நிறைவுக்குப் பெயராக்கினர். இங்கே ‘எல்லைப் பயன்பாடு’ என்றும் தமிழ்நாட்டில் ‘இறுதிநிலைப் பயன்பாடு’ என்றும் மாணவர் படிப்பது அந்தப் பொருளில்தான். பிறகு மின்சாரம், நீர் போன்ற சேவைகளையும் அச்சொல் சுட்டத் தொடங்கியது. இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் பெயரில் இருப்பது அது. கணினித் துறையில் பண்புப் பெயர் முற்றாகப் பொருட்பெயராகிவிட்டது. 1960களின் பெருங்கணினிகளில் நாடாவிலிருந்து வட்டுக்குத் தரவைப் படியெடுப்பது போன்ற அன்றாட வேலைகளுக்கான சிறு செய்நிரல்களை அப்பெயரால் அழைத்தனர். யுனிக்ஸ் என்ற பணிசெயல் முறைமையின் மரபு அதனை நிலைபெறச் செய்தது. அத்தகைய முறைமைகளுக்குப் பொதுவான பொசிக்ஸ் தரத்தின், 1992இல் வெளியான இரண்டாம் பகுதிக்கு ‘ஷெல்லும் யூற்றிலிற்றிகளும்’ என்றே தலைப்பு. ஷெல் என்பது நாம் தட்டும் கட்டளையை வாங்கி நிறைவேற்றும் செய்நிரல்.

ஆகவே ‘பயன்பாடு’ என்ற மொழிபெயர்ப்பு அறம், பொருளியல், மின்கட்டணம் ஆகிய இடங்களிலெல்லாம் பொருந்தி, கணினியில் மட்டும் இடறுகிறது. பயன்பாடு என்பது ஒரு தன்மை. நமக்கு வேண்டியதோ ஒரு பொருளின் பெயர்.

ஒலிபெயர்த்து எழுதிவிட்டால் என்ன என்று கேட்போரும் உளர். யாழ்ப்பாணத்து மரபில் நாம் பற்றறி, ரயர், ரோச் என்று எழுதிப் பழகியவர்கள். அந்த மரபில் இது யூற்றிலிற்றி ஆகும், தமிழ்நாட்டில் யுடிலிடி ஆகும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் ஒரே சொல் என்று நம்பமாட்டார். ‘டூல்’ என்பதன் நிலை இன்னும் மோசம்: நம் வழக்கில் அது ‘ரூல்’ ஆகி, விதியா கருவியா என்ற மயக்கத்தைத் தரும். இவ்வூர்ப் பேச்சில் பயன்படுத்துவதைப் ‘பாவிப்பது’ என்கிறோமே, ‘பாவனைச் செய்நிரல்’ எனலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பாவனை என்றால் கடல் கடந்தவுடன் பாசாங்கு என்று பொருளாகிவிடும் என்றேன், அதோடு விட்டுவிட்டார்.

தொடரின் முற்பகுதியாகிய ‘கட்டளைவரி’ குறித்து எனக்குக் குறை ஏதுமில்லை. அது இரு கரையிலும் ஒன்றுபோலவே வழங்குகிறது. வரி என்றதும் வீட்டுக்குக் கட்டும் சோலைவரிப் பட்டியலை நினைத்துக்கொள்ளும் பெரியவர்களைத் தவிர வேறெவரும் இடர்ப்படுவதில்லை. சொல்லப்போனால் ஆங்கில மூலத்தைவிடத் தமிழ்ச்சொல் ஒரு படி ஆழமானது. ஆங்கிலத்தில் அது வெறும் ஏவல். தமிழில் கட்டளை என்பது ஏவலோடு அளவையும் குறிக்கும். பொன்னின் மாற்றை உரைத்துப் பார்ப்பது கட்டளைக்கல். யாப்பிலே கட்டளைக் கலித்துறை என்றால் எழுத்தெண்ணிப் பாடுவது: அடி நேரசையில் தொடங்கினால் ஒற்று நீக்கிப் 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17 எழுத்து; ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அது கட்டளைக் கலித்துறை ஆகாது. கறுப்புத் திரையின் இயல்பும் அதுவே. பெயரில் ஓரெழுத்து விடுபட்டால், ‘நீர் சொன்னது இதுவோ’ என்று பெரும்பாலும் அது ஊகிக்காது. அப்படியொரு கட்டளை இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடும். எழுத்தெண்ணித் தட்டவேண்டிய வரிக்குக் கட்டளைவரி என்ற பெயர் தற்செயலாக வாய்த்ததா என்று நான் ஆராயப் போவதில்லை, ஆனால் மாணவர்க்கு இதைச் சொன்னால் மறப்பதில்லை.

அடுத்தது, ‘மொழியோடு கட்டி வருவது’ என்ற பகுதி. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘பண்டில்’ என்ற சொல் ‘கட்டு’, ‘மூட்டை’ என்னும் பொருளது. அது வணிகத்திலிருந்து வந்தது. பெருங்கணினி வாங்கினால் மென்பொருளும் சேவையும் தனி விலையின்றி உடன் கிடைத்த காலம் ஒன்றிருந்தது. 1969 ஜூனில் ஐ.பி.எம். நிறுவனம் அவற்றுக்கு வேறாக விலை குறிக்கப் போவதாக அறிவித்தபோது அந்தக் கட்டு அவிழ்ந்தது. இன்று பைதன், பேர்ள் போன்ற மொழிகளுக்கு விலையே கிடையாது. ஆகவே சொல்லில் எஞ்சியிருப்பது உடன் வருதல் என்ற பொருள் மட்டுமே. அதனை மூட்டை என்றோ பொதி என்றோ பெயர்க்கத் தேவையில்லை. பொதி என்ற சொல்லுக்கு வேறு கலைச்சொல் வேலையும் இருக்கிறது: வேறாக இறக்கி நிறுவும் மென்பொருள் தொகுதியை அப்படி அழைக்கிறோம். ‘உடன்வரு’ என்று வினைத்தொகையாக வைத்துக்கொண்டால் போதும். வினைத்தொகையாதலால் வல்லெழுத்து மிகாது. ‘உடன்வரு கருவி’ என்றே எழுதவேண்டும்.

இனிக் கருவி. இந்த இடத்தில்தான் கணினி நூல்களை மூடிவைத்துவிட்டு இலக்கண நூலைத் திறந்தேன். மூன்றாம் வேற்றுமையின் பொருள் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்று நன்னூல் சொல்கிறது. உருபுகள் ஆல், ஆன், ஒடு, ஓடு. ‘மொழியோடு வரும் கருவி’ என்ற நம் தொடரில் உடனிகழ்ச்சியும் கருவியும் ஒருசேர நிற்கின்றன. நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) தம் இலக்கணச் சுருக்கத்தில் கருவியை மேலும் இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறார்: முதற்கருவி, துணைக்கருவி. மண்ணால் ஆகிய குடம் என்பதில் மண் முதற்கருவி. அது காரியத்தோடு ஒற்றுமையுடையது, அதாவது குடமாகவே ஆகிவிடுவது. திரிகையால் ஆகிய குடம் என்பதில் குயவனின் சக்கரமாகிய திரிகை துணைக்கருவி. குடம் ஆகும்வரை துணைநின்று, ஆனபின் விலகிக்கொள்வது. குடத்துக்குள் திரிகை இல்லை.

செய்நிரல் எழுதுவோர் நாள்தோறும் கையாளும் வேறுபாடு இதுவே. மொழியோடு வருவன இரு வகை. ஒரு வகை, நாம் எழுதும் செய்நிரலுக்குள் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும் நூலகங்கள். அவை செய்நிரலின் உடம்பாகிவிடுகின்றன, செய்நிரல் ஓடும்போது தாமும் ஓடுகின்றன. மற்ற வகை, ஆவணத்தை விரித்துக் காட்டுவது, பிழையைத் தேடித் தருவது, ஓடும் நேரத்தை அளப்பது, வேண்டிய பொதிகளை இறக்குவது போன்ற வேலைகளைச் செய்துவிட்டு விலகிக்கொள்வன. முன்னவை மண், பின்னவை திரிகை. ஆகவே இப்பொருளில் வரும் யூற்றிலிற்றிக்குப் பொருத்தமான தமிழ் ‘துணைக்கருவி’ என்பது என் துணிபு. விரித்துச் சொல்லவேண்டுமாயின் ‘மொழியுடன்வரு கட்டளைவரித் துணைக்கருவி’. ஒருமுறை விரித்துச் சொன்னபின் துணைக்கருவி என்றே எழுதிச் செல்லலாம்.

துணை என்றால் முக்கியமில்லாதது என்று ஆகிவிடாதா என்ற ஐயம் எழலாம். திரிகை இல்லாத குயவனைக் கேட்டுப் பார்க்கவேண்டும். ஜாவாவில் எழுதியதை இயங்கும் வடிவாக்கும் தொகுப்பானாகிய ஜாவாசியைக் கட்டளைவரியில்தான் அழைக்கிறோம், அதுவும் துணைக்கருவியே. பள்ளிக்கூடங்களில் ‘கற்பித்தல் துணைக்கருவி’ என்று படங்களையும் மாதிரிகளையும் சொல்கிறோமே, குழம்பாதா என்றும் கேட்கப்பட்டது. அங்கும் பொருள் இதேதான்: பாடம் மாணவனிடம் போய்ச் சேரும்வரை துணைநின்று, பின் அலுமாரிக்குத் திரும்புவது.

ஒன்றைக் கிட்டநின்று பார்க்கலாம். எங்கள் கணினி ஆய்கூடத்தில் இணைய இணைப்பு அறுந்துபோன ஒரு நாளில் முப்பது கணினிகளுக்கும் பயிற்சித்தாளைக் கொடுக்கவேண்டியிருந்தது. உள் வலையமைப்பு வேலைசெய்தது. தாள் இருந்த கோப்புறையில் கறுப்புத் திரையைத் திறந்து, பைதன் என்று தட்டி, ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, எம் என்ற எழுத்து, மறுபடி ஓர் இடைவெளி, பின் எச்.ரி.ரி.பி., ஒரு புள்ளி, சேவர். அவ்வளவுதான். 8000ஆம் துறையில், அதாவது அந்த எண்ணுள்ள இணைப்பு வாயிலில், பரிமாறுகிறேன் என்று ஒரு வரி வந்தது. மாணவர் தத்தம் உலாவியில் என் கணினியின் முகவரியையும் முக்காற்புள்ளி இட்டு 8000 என்ற எண்ணையும் தட்ட, கோப்புறையின் உள்ளடக்கம் பட்டியலாகத் தெரிந்தது. ஒவ்வொருவர் இறக்கும்போதும் என் திரையில் ஒரு வரி கூடியது: யாருடைய முகவரி, எந்த நேரம், என்ன கோப்பு, கிடைத்துவிட்டது என்பதைக் குறிக்கும் 200 என்ற எண். பெயரைப் பிழையாகத் தட்டியவனுக்கு, அப்படியொன்று இல்லை என்னும் 404. எல்லோருக்கும் கிடைத்ததும் கொன்ட்ரோல் விசையோடு சி விசையை அழுத்தினேன், கருவி விலகிக்கொண்டது. பொது இணையத்தில் நிலையான சேவைக்கு இதைப் பாவிக்கவேண்டாம் என்று பைதன் ஆவணமே எச்சரிக்கிறது, அதைப் பின்பற்றவேண்டும்.

அந்தச் சிறு கோடும் எம் என்ற எழுத்தும் 2004இல் வந்த பைதன் 2.4இல் சேர்ந்தவை. நூலகத்தின் ஒரு பகுதியை நேரே செய்நிரலாக ஓட்டு என்பது அவற்றின் பொருள். இதனால் ஒரு நுட்பமான நிலை தோன்றுகிறது. ஜேசன் வடிவத் தரவைக் கையாளும் ஜேசன் என்ற நூலகப் பகுதியை என் செய்நிரலுக்குள் சேர்த்தால் அது முதற்கருவி. அதே பகுதியின் ஒரு முகத்தைக் கட்டளைவரியில் அழைத்து, ஒரே வரியாக நெரிந்து கிடக்கும் தரவை உள்தள்ளி அழகாக அடுக்கிப் பார்த்தால் அது துணைக்கருவி. ஒரே பொருள் இரண்டும் ஆகலாமா என்றால், ஆகலாம். கருவியின் வகையைப் பொருள் தீர்மானிப்பதில்லை, காரியத்தோடு அதற்குள்ள உறவே தீர்மானிக்கிறது. நாட்காட்டிப் பகுதியும் அத்தகையதே. ஆண்டைக் கொடுத்து அழைத்தால் பன்னிரண்டு மாதத்தையும் திரையில் அடுக்கித் தரும், சுபநேரம் மட்டும் இராது.

பேர்ள் மொழியில் நிலைமை தெளிவு. 1987இல் லரி வோல் வெளியிட்ட அம்மொழியோடு வரும் துணைக்கருவிகளைப் பட்டியலிடுவதற்கென்றே அதன் ஆவணத்தில் ஒரு பக்கம் உண்டு. அவற்றுள் பேர்ள்டொக் ஆவணத்தைத் திரையில் காட்டும்; புரூவ் சோதனைகளை ஓட்டி முடிவைச் சொல்லும்; கோர்லிஸ்ற் ஒரு பகுதி எந்தப் பதிப்பிலிருந்து மொழியோடு வருகிறது என்று தெரிவிக்கும்; பைகொன்வ் ஒரு குறிமுறையில் உள்ள எழுத்தை வேறொன்றுக்கு மாற்றும். இந்தக் கடைசியைக் கண்டதும் பழைய பாமினி ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றிவிடலாம் என்று நம்மவர் ஆவலோடு ஓடுவதுண்டு. மாற்றாது. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்துவைத்த எழுத்துரு. கருவியின் கண்ணுக்கு அந்தக் கோப்பு வெறும் ஆங்கில எழுத்துக் குவியலே.

எல்லைகளும் சொல்லப்படவேண்டும். செய்நிரல் எழுதிப் பார்ப்பதற்கென பைதனோடு வரும் ஐடில் உடன்வருவதுதான், ஆனால் சாளரத்தில் திறப்பதால் கட்டளைவரித் துணைக்கருவி அன்று. கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிற் கட்டளைவரியில் இயங்குவதுதான், ஆனால் எந்த மொழியோடும் உடன் வருவதன்று. உடன்வருதல் நிலையானதுமன்று. பைதன் இரண்டில் எழுதியதை மூன்றுக்கு மாற்றித் தந்த துணைக்கருவி, இரண்டின் ஆயுள் 2020 தொடக்கத்தில் முடிந்தபின் வேலையற்று நின்று, 2024இல் வந்த 3.13இல் நீக்கப்பட்டது.

உடன்வருதலில் இன்னொரு சிக்கலை உபுண்டு என்ற பணிசெயல் முறைமையில் ஓடும் எங்கள் ஆய்கூடத்துக் கணினிகளே காட்டித் தந்தன. பொதிகளை இறக்கும் பிப் 2014 முதல், அதாவது பைதன் 3.4 முதல், மொழியோடு உடன்வருவது. தனிச்சூழல் அமைக்கும் வென்வ் அதற்கும் முந்தியே வந்தது. கைநூலைப் பார்த்து மாணவன் வென்வை அழைத்தான். அதற்கு வேண்டிய பகுதி கிடைக்கவில்லை, வேறாக நிறுவுக என்று பதில் வந்தது. மொழியை ஆக்கியோர் கட்டித் தந்ததை உபுண்டுவை ஆக்கியோர் அவிழ்த்துத் தனித்தனிப் பொதிகளாக வைத்திருக்கின்றனர். மொழியோடு உடன்வருவது பணிசெயல் முறைமையோடு உடன்வரவில்லை. உடனிகழ்ச்சிப் பொருளில் வரும் ஓடு உருபு எதனோடு என்பதையும் சொல்லியாகவேண்டும். அதனால் கைநூலின் அடுத்த பதிப்பில், வெறுமனே ‘உடன்வரு துணைக்கருவி’ என்று நின்ற இடங்களிலெல்லாம் முன்னால் ‘மொழி’ என்ற சொல்லைச் சேர்த்து, வென்வ் வரும் பக்கத்தின் அடியில் உபுண்டுவில் வேறாக நிறுவவேண்டும் என்று ஒரு வரியும் எழுதிவைத்திருக்கிறேன்.