சாதிச் சலுகை யாருக்கு? ‘பிரிவிலேஜ்’ என்ற சொல்லும் அதன் தமிழும்

பிரிவிலேஜ் என்ற ஆங்கிலச் சொல்லை, அதாவது பிறப்பால் கேட்காமலே கிடைக்கிற சாதகத்தை, ‘சலுகை’ என்று எழுதுவதை இனியாவது நிறுத்த வேண்டும். திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் சமத்துவம் பற்றி நடக்கிற பயிற்சி முகாம்களில் கொடுக்கிற தாள்களில் ‘உங்கள் சாதிச் சலுகையை உணருங்கள்’ என்று அச்சாகியிருப்பதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போயிற்று. சாதிச் சலுகை என்றால் நம் ஊரில் யாருக்கும் என்ன தோன்றும்? இடஒதுக்கீடு, உதவித்தொகை, ஆதிதிராவிடர் விடுதி. ஆக, பண்ணை வீட்டுப் பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வி, காலனித் தெருவிலிருந்து முதல்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளையின் தலையில் போய் விழுகிறது.

மூலம் லத்தீன். ‘ப்ரிவுஸ்’ என்றால் தனி, ‘லெக்ஸ்’ என்றால் சட்டம். தனி ஓர் ஆளுக்கென்றே போட்ட சட்டம். அப்புறம் அது பிரபுக்களும் திருச்சபையும் அனுபவித்த வரிவிலக்கு போன்ற உரிமைகளைக் குறித்தது. 1789 ஆகஸ்ட் 4 இரவு பிரெஞ்சுத் தேசிய சபை ஒழிப்பதாக அறிவித்தது இவற்றைத்தான். பிறப்பால் கேட்காமலே கிடைக்கிற சாதகம் என்ற இன்றைய பொருளைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான பெக்கி மெக்கின்டாஷ். 1988இல் வெள்ளையர், ஆண்கள் இருவரின் நிலையையும் சேர்த்து எழுதினார்.

சரி, சலுகைக்கு வருவோம். சலுகை என்பது மேலே இருப்பவர் மனமிரங்கித் தருவது. பேருந்துக் கட்டணத்தில் சலுகை, வட்டியில் சலுகை. கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். பிரிவிலேஜ் அப்படியா? அதை யாரும் கொடுத்ததாகவே தெரியாது. தலைமடை வயலுக்குத் தண்ணீர் தானாகப் பாய்கிறது, கடைமடைக்காரன்தான் முறை கேட்டு நிற்கிறான். தலைமடைக்காரரிடம் ‘உங்களுக்குச் சலுகை’ என்று சொன்னால் அவருக்கே புரியாது. இதில் இன்னொரு கேடு, இடஒதுக்கீட்டையும் பத்திரிகைகள் ‘சலுகை’ என்றே எழுதுகின்றன. அரசமைப்பின் 16ஆம் பிரிவு இடம் தருகிற ஒரு ஏற்பாடு இரக்கமாகவும், தலைமுறை தலைமுறையாக அனுபவித்த ஆதிக்கம் அதற்குச் சமமான இன்னொரு சலுகையாகவும் ஆகிவிட்டால், ‘உனக்கும் சலுகை, எனக்கும் சலுகை, கணக்கு சரியாப் போச்சு’ என்று ஒருவர் எழுந்து போய்விடலாம். போகவும் செய்கிறார்கள்.

என் முடிவு: ‘சிறப்புரிமை’. ‘தனியுரிமை’தான் மூலத்துக்கு இன்னும் நெருக்கம், ஆனால் அந்தரங்கத்துக்கு அதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ‘முன்னுரிமை’ வேறு வேலைக்குப் போய்விட்டது. உரிமை என்று சொன்னால் நியாயப்படுத்துவதாகாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஆகாது. தஞ்சாவூரில் ‘மிராசு’ என்கிறோமே, அது அரபியில் வாரிசுச் சொத்தைக் குறிக்கும் சொல். மிராசுதார் என்கிற நிலக்கிழார் அனுபவித்தது பரம்பரை உரிமைதான், பத்திரத்தோடு இருந்த உரிமை. பண்ணையாட்களுக்குச் சாணியைக் கரைத்துப் புகட்டிய சாணிப்பாலும் சவுக்கடியும் அந்த உரிமையின் பெயரால்தான் நடந்தன. அதை உடைக்க விவசாயத் தொழிலாளர் சங்கம் வேண்டியிருந்தது, 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வேண்டியிருந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்ட வழக்கில், மேல்முறையீட்டில் மிராசுதார்களை விடுவித்த உயர் நீதிமன்றம், அவர்களில் பெரும்பாலோர் பெருநிலக்காரர்கள் என்றும் முதலாவதாகக் குற்றம்சாட்டப்பட்டவரிடம் கார் இருக்கிறது என்றும் சொல்லி, அவர்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்பக் கடினம் என்றது. நிலமும் காரும் ஒருவருக்குச் சாட்சி சொல்கிற அளவுக்குப் போன ஒன்றை எந்த வாயால் சலுகை என்பது?

பொறுப்பு என்ற பேச்சும் இங்கேதான் பிழைக்கிறது. சலுகை என்றால் ‘நன்றியோடு இரு’ என்பதோடு முடிந்துவிடும். சிறப்புரிமை என்றால், அது யாருடைய உரிமையைப் பிடுங்கிச் சிறப்பானது, திருப்பித் தர நான் என்ன செய்யணும் என்று கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வி கடைமடைத் தெருக்காரர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதல்ல, மேலத் தெருக்காரர் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியது.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் சொல்லை எடுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். சட்டமன்றச் செய்தியில் மட்டும் ‘பிரீச் ஆஃப் பிரிவிலேஜ்’ என்பது ‘உரிமை மீறல்’ என்று சரியாக வருகிறது, அங்கே யாரும் சலுகை மீறல் என்று எழுதுவதில்லை. ‘அண்டர்பிரிவிலேஜ்டு’ வந்தாலோ ‘நலிந்த பிரிவினர்’. தானாக இளைத்துப்போன மாதிரி. உரிமை மறுக்கப்பட்டோர் என்று எழுதுங்கள், மறுத்தவர் யார் என்று படிப்பவர் கேட்கட்டும்.