கண்டாவளைக் கிணறும் ஐ.பி. சூழல் பாடமும்

வெளியூரில் ஐ.பி. (சர்வதேச பக்கலோரியேட்) டிப்ளோமா படிக்கும் வன்னிப் பிள்ளைகளில் பலர் 'சூழல் தொகுதிகளும் சமூகங்களும்' பாடத்தைத் தெரிவுசெய்வதற்கு ஒரு கணக்கு உண்டு. சமூகக் கல்வி, விஞ்ஞானம் ஆகிய இரண்டு பிரிவுகளுக்கும் இந்த ஒரு பாடம் போதும். ஆறு பாடத்தில் ஓரிடம் மிஞ்சும். ஆனால் மருத்துவமோ பொறியியலோ மனதில் இருந்தால், விண்ணப்பிக்கப்போகும் பல்கலைக்கழகம் இரசாயனமும் பௌதிகமும் கேட்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

புள்ளி போவது பெரும்பாலும், மாணவர் தானே ஒரு கேள்வி வைத்துச் செய்யும் உள்ளக ஆய்வில்தான். 3000 சொல்லுக்குள் அறிக்கை, 30 புள்ளி; மொத்தத்தில் சாதாரண மட்டத்துக்கு 25 வீதம், 2026 பரீட்சையோடு வந்த உயர்மட்டத்துக்கு 20 வீதம். லீவுக்கு ஊருக்கு வருபவர்கள் 'இரணைமடுக் குளத்தின் மாசடைதல்' என்று தலைப்பு வைக்கிறார்கள். அது ஒரு திணைக்களம் பல வருடம் செய்யவேண்டிய வேலை.

இப்படிக் கேளுங்கள்: கிளிநொச்சி மாவட்டத்துக் கண்டாவளைப் பக்கம் ஆனையிறவுக் கடல்நீரேரிக் கரையிலிருந்து தூரம் கூடக் கூட, கட்டுக்கிணற்று நீரின் மின்கடத்துதிறன் (நீரில் உப்புக் கூடினால் இதுவும் கூடும்) குறைகிறதா?

கரைக்குச் செங்குத்தான ஒரு கோட்டில் பத்துக் கிணறுகள் போதும். கையடக்க மானியை ஒவ்வொரு நாளும் தொடங்குமுன் 1413 மைக்ரோசீமன்ஸ்/செ.மீ. நியமக் கரைசலில் சரிபாருங்கள். வாளியை அதே கிணற்றுத் தண்ணீரில் மூன்று தரம் அலசி, மூன்று அளவீடு எடுத்துச் சராசரி காணுங்கள். தொட்டித் தண்ணீரை அளக்கவே கூடாது. தோட்டத்துக்கு மோட்டர் போடுமுன், விடிய எடுங்கள். இறைத்தபின் அடியிலுள்ள உவர் மேலேறலாம். குழாய்க்கிணறு வேறு ஆழத்து நீர், இதோடு கலக்காதீர்கள். பாதி அளந்ததும் மழை பெய்தால் மீதியைத் தொடராமல், வெயில் திரும்பியபின் முதலிலிருந்து செய்யுங்கள்.

கிணற்றுக்குக் கிணறு குறுக்கு வழி தேடிப் பற்றைக்குள் இறங்கவேண்டாம். மண்டையோட்டுப் பலகை இல்லாததால் மட்டும் மிதிவெடி இல்லையென்று ஆகாது. ஊர்ச்சனம் நடக்கும் பாதையிலேயே போங்கள்.

வீட்டுக்காரரிடம் 'எப்ப தொட்டு உவர்?' என்று கேட்கலாம், சம்மதம் வாங்கியபின். அறிக்கையில் பெயருக்குப் பதில் கிணற்று இலக்கம்.

அறிக்கையில் தீர்வுத் திட்டம் பற்றிய பகுதியைத்தான் பலர் இரண்டு வரியில் முடிக்கிறார்கள். பொருள் கைக்கெட்டிய தூரத்தில் கிடக்கிறது! ஆனையிறவுக் கடல்நீரேரியை அணைகட்டி நன்னீராக்கும் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' யோசனையை 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்தார். கிணறு நன்னீரானால் தோட்டக்காரருக்கு நன்மை. உப்புநீர் போனால் இறால் பிடிப்பவர் என்ன செய்வார்? இந்த இழுபறியை இரு பக்கமும் நின்று எழுதவேண்டும்.

பத்துக் கிணற்றுக்கும், தூரமும் மின்கடத்துதிறனும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் ஸ்பியர்மன் தரவரிசை இணைவுக்குணகம் போடுங்கள். கூட்டல், கழித்தல் குறி பாராமல் அது 0.648க்குக் குறைந்தால், 5 வீத மட்டத்தில் தொடர்பு நிரூபணமாகவில்லை. அதை அப்படியே எழுதினால் புள்ளி குறையாது. தொடர்பு வந்தாலும் காரணம் தூரம் மட்டும்தானா என்ற கேள்வி நிற்கும். அதனால் கிணற்றின் ஆழத்தையும் நீர்மட்டத்தையும் கயிறுவிட்டு அளந்து, அதே அட்டவணையில் குறித்துவையுங்கள்.