சூப்பான் கிளிப்புக்குள் ஒரு சரிவு

"பாப்பாவுக்கு எட்டு மாதம். நிமிடத்துக்கு ஒருமுறை சூப்பானைக் கீழே போடுகிறாள். நாடாவில் கோத்து ஊக்கால் சட்டையில் குத்திவிடு என்கிறார் அம்மா. செய்யலாமா?" என்று ஈரோட்டு வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

வேண்டாம். கைக்குட்டையைச் சட்டையில் ஊக்கால் குத்திக்கொண்டு எல்.கே.ஜி. போனவர்கள் நாம், அதனால் கை தானாக ஊக்கைத் தேடுகிறது. 1849இல் வால்டர் ஹண்ட் ஊக்குக்குக் காப்புரிமை வாங்கினார். கம்பியைச் சுருட்டி அதையே ஸ்பிரிங் ஆக்கியதும், கூர்முனைக்குத் தொப்பி போட்டதும் அபாரமான யோசனைகள். ஆனால் அந்தத் தொப்பியிலிருந்து முனை விலக ஓர் அழுத்தம் போதும். எட்டு மாதக் குழந்தையோ கைக்குக் கிடைப்பதையெல்லாம் வாயில் வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது.

சரி, கடைக் கிளிப்? பழைய மாடல்கள் கால்சட்டை வார் கிளிப்பின் தம்பிகள்: உலோகத் தாடை, உள்ளே பற்கள், ஒரு ஸ்பிரிங். எச்சில் பட்டுப் பட்டு ஸ்பிரிங் துருப்பிடிக்கும், பல் வைத்த பிளாஸ்டிக் துண்டு கழன்று வரும். அந்தத் துண்டுதான் ஆபத்து. அமெரிக்க விதிகளில் இதைச் சோதிக்கவென்றே உள்ளீடற்ற ஓர் உருளை உண்டு: விட்டம் 31.7 மி.மீ., அடிப்பக்கம் சரிவாக இருப்பதால் ஆழம் 25.4 முதல் 57.1 மி.மீ. வரை. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் விரிந்த தொண்டைக்கு இது மாதிரி. கழன்ற துண்டு அதற்குள் முழுசாக அடங்கினால் பொருள் தேறாது. நாடாவின் நீளத்துக்கு, சூப்பான் கிளிப்புகளுக்கான ஐரோப்பியத் தரமான இ.என். 12586 ஒரு வரம்பு வைத்திருக்கிறது: 220 மி.மீ. அதற்கு மேல் நீண்டால் நாடா கழுத்தைச் சுற்றிக்கொள்ள வழி கிடைத்துவிடும்.

என்னை மயக்கியது இதெல்லாம் இல்லை. நாடா தொட்டில் கம்பியில் மாட்டிக்கொண்டால், இழுத்த இழுப்பில் தானே விட்டுக்கொடுக்கும் இணைப்பு ஒன்றை அதில் வைக்கலாம். சில பூனைக் கழுத்துப்பட்டைகளில் இருப்பது இதுதான். குழந்தையின் கை இழுப்புக்கு அது விடக் கூடாது, உடல் எடை தொங்கினால் விட்டே ஆக வேண்டும். ஒரு துண்டு பிளாஸ்டிக்குக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

பழைய பள்ளிப் பையின் பக்கிளைப் பிளேடால் இரண்டாகப் பிளந்து பார்த்தேன். இரண்டு வளையும் கைகள், நுனியில் கொக்கி. கொக்கியின் முன்பக்கம் சரிவாக இருக்கிறது, அதனால் சொருகும்போது வழுக்கிக்கொண்டு போகிறது. பின்பக்கம் சுவர் மாதிரி செங்குத்து. எவ்வளவு இழுத்தாலும் அது வெளியே வராது, உடைந்தால்தான் உண்டு. அந்தச் சுவரையும் சரிவாக்கிவிட்டால்? இழுக்கும் விசை கையை உள்பக்கமாக வளைக்கத் தொடங்கும். ஓர் அளவு வந்ததும் டக்கென்று கழன்றுவிடும்.

அந்த அளவைத் தீர்மானிப்பவை மூன்றுதான்: கையை வளைக்கத் தேவையான விசை, உராய்வு, சரிவின் கோணம். உராய்வுக் குணகம், அதாவது இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று எவ்வளவு பிடித்துக்கொள்கின்றன என்பதைச் சொல்லும் எண், 0.3 என்று வைத்துக்கொள்வோம். இழுக்கும் திசையோடு சரிவு 30 டிகிரி சாய்ந்திருந்தால், வளைக்கும் விசையைப் போல 1.06 மடங்கு இழுத்தால் கழன்றுவிடும். 45 டிகிரிக்கு 1.86 மடங்கு. 60 டிகிரிக்கு 4.2 மடங்கு. சுமார் 73 டிகிரியைத் தொட்டதும் உராய்வே பூட்டாகிவிடும், பிறகு எந்த இழுப்புக்கும் விடாது. சுவர் செங்குத்தாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை!

இப்போது எச்சிலைச் சேருங்கள். உராய்வு 0.2க்கு இறங்கியது என்றால், 60 டிகிரிக் கொக்கியின் பிடி 4.2 மடங்கிலிருந்து 2.96க்குச் சரிகிறது. 30 டிகிரிக் கொக்கியில் 1.06 என்பது 0.88 ஆகிறது, அவ்வளவுதான். ஆகவே செங்குத்தான கொக்கியும் மெல்லிய கையும் தப்பான ஜோடி. தணிந்த சரிவு, தடித்த கை, இதுதான் சரி. அப்போது நனைந்தாலும் காய்ந்தாலும் ஏறக்குறைய ஒரே இழுப்பில் கழலும். இரண்டாகப் பிரியும் பாதிகள் ஒவ்வொன்றும் அந்த உருளைக்குள் அடங்காத அளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

இதைச் சோதிக்க ஒரு 3டி பிரிண்டரும் ஸ்பிரிங் தராசும் போதும். நம்மூர் பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டு புராஜெக்டுகளுக்கு இதைவிடப் பயனுள்ள தலைப்பு எனக்குத் தோன்றவில்லை. ராக்கெட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு துளியைத் தொட்டில் பக்கம் திருப்பினால் எத்தனையோ வீடுகள் நிம்மதியாகத் தூங்கும்.

திருஷ்டிக்காகப் பிள்ளையின் கழுத்தில் கட்டும் கறுப்புக் கயிற்றுக்கும் இதே கணக்குத்தான். விட்டுக்கொடுக்காத முடிச்சு அது. பாட்டியின் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. கழுத்தில் மட்டும் கட்டாதீர்கள்.

வாசகியிடம் வீட்டில் ஏற்கெனவே ஒரு கிளிப் இருந்தது. ஸ்கேலை வைத்து அளக்கச் சொன்னேன்: நாடா 34 செ.மீ.! இப்போது 20 செ.மீ. நாடா போட்ட, பல் இல்லாத பிளாஸ்டிக் கிளிப் வாங்கியிருக்கிறார். பாப்பா தூங்கும்போது அதையும் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறாராம்.